மண்சுவருக்கு மாலை வேண்டாம், மனைக்குப் பட்டா கொடு

மார்கழி பிறந்ததும் பத்திரிகைக்காரர்களுக்கு மண்வாசனை வந்துவிடுகிறது. சாணம் மெழுகிய வாசல், அரிசிமாவுக் கோலம், பூசணிப்பூ, மண் அடுப்பு, கோரைப்பாய், பனையோலைப் பெட்டி, பழஞ்சேலையில் தைத்த போர்வை. 'நம் பாட்டிமார்கள் எவ்வளவு எளிமையாக, எவ்வளவு அழகாக வீட்டைப் பேணினார்கள்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீற்றுக்கூரை போட்ட விடுதிகள் நிற்கின்றன. மேலே கீற்று, உள்ளே ஏ.சி. மண்சுவர் பூசுவது எப்படி என்று சனி ஞாயிறில் வகுப்பு நடக்கிறது. ஜனங்கள் பணம் கட்டிவிட்டு வந்து மண்ணை மிதிக்கிறார்கள்.

மிதிக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 'நம் பாட்டி' என்கிறார்களே, அந்தப் பாட்டி எந்தத் தெருப் பாட்டி? ஊர்த்தெருவா, சேரியா? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். 'எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வராதீங்க' என்கிறார்கள். நான் கொண்டுவரவில்லை அய்யா. அது சாணியிலேயே இருந்தது. மண்ணிலேயே இருந்தது. கூரையில் சொருகின ஒவ்வொரு கீற்றிலும் இருந்தது.

நான் திருவிடந்தைப் பக்கத்துச் சேரிக்காரி. எங்கள் ஊர்ச் சாமிக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று பேர். காலவ ரிஷிக்கு 360 பெண்களாம். நாளுக்கு ஒருத்தியாக 360 பேரையும் பெருமாள் கட்டிக்கொண்டார் என்பது தலபுராணம். கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு எங்கிருந்தோ வருகிறார்கள். சாமிக்குத் தினம் கல்யாணம், கருங்கல் வீடு. எங்களுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் மக்கிப்போகிற கூரை. அந்தக் கூரை வீட்டைத்தான் இப்போது அழகு என்கிறார்கள். சரி, அந்த அழகைத் தரையிலிருந்து மேல்வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

தரை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை விட்டதும் குடிசையின் தரை சொதசொதவென்று கிடக்கும். பாய் ஈரம், துணி ஈரம், விறகு ஈரம். மார்கழிப் பனியில் பிள்ளைகள் இருமும். பொங்கலுக்குள் வீட்டைத் தேற்றியாக வேண்டும். அந்த ஒரு மாசமும் வயல்வேலை போக மிச்சமிருக்கிற நேரமெல்லாம் பெண்களுக்கு வீட்டு வேலைதான். தரையைக் கொத்திவிட்டு, மண்ணும் மணலும் கொட்டி, கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, இரண்டு மூன்று தடவை சாணம் மெழுகவேண்டும்.

சாணம் எங்கிருந்து வரும்? மாடு இருக்கிறவனிடமிருந்து. மாடு யாரிடம் இருந்தது?

எங்கம்மா விடிகாலையில் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டப் போவாள். கூலி பழைய சோறு. கொட்டகைச் சாணி முழுவதையும் அள்ளி எருக்குழியில் போடுகிறவள் அவள்தான். ஆனால் தன் வீட்டுக்கு ஒரு கூடை வேண்டுமென்றால் தனியாக நின்று கேட்கவேண்டும். 'உனக்கு எதுக்குடி இத்தினி? வரட்டி தட்டணும், எருவுக்கு வேணும்' என்பாள் வீட்டுக்காரி. மாட்டுச் சாணிக்குத் தீட்டு இல்லை. அதை அள்ளுகிற கைக்குத் தீட்டு உண்டு. அந்தக் கை மெழுகின கொட்டகை சுத்தம்; அந்தக் கை தொட்ட சொம்பு அசுத்தம். இந்தக் கணக்கை எந்தச் சாஸ்திரி போட்டான்?

அரிசிமாவுக் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் அன்னதானம் என்று எழுதுகிறார்கள். நல்லது. எறும்புக்குப் போட அரிசி மிஞ்சின வீடு எது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். எங்கள் வாசலில் வெள்ளைக்கல் மாவுதான். எறும்பு எங்களை ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கே கஞ்சிதான் என்று அதற்கும் தெரிந்திருக்கும்.

சுவர்

மண்சுவர் லேசுப்பட்ட காரியம் இல்லை. களிமண்ணை ஊறப்போட்டு, வைக்கோலையும் உமியையும் கலந்து, காலால் மிதித்து, மறுநாளும் மிதித்து, கையில் ஒட்டாத பதம் வரவேண்டும். ஒரு முழ உயரம் வைத்துக் காயவிட்டு, அதற்கு மேல் அடுத்த முழம். அவசரப்பட்டு ஏற்றினால் அடி பிதுங்கிவிடும். மழையில் கரைந்த சுவரைப் பூசும்போது பழைய மண்ணைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் புது மண்ணை வைக்கவேண்டும். காய்ந்த மண்ணில் ஈரமண் ஒட்டாது. பொங்கலுக்குப் பூசினது மாசிக்குள் பொருக்குப் பொருக்காக விழுந்துவிடும். பூச்சு காய்ந்ததும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அடியில் செம்மண் பட்டை. இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. எங்கள் பெண்களின் விரலில் இருந்தது.

இந்த அறிவு எங்களுடையது. இதற்கு வேண்டிய மண் எங்களுடையது இல்லை. ஏரிமண் எடுக்க ஊரில் கேட்கவேண்டும். வைக்கோல் களத்துக்காரன் மனசு வைத்தால் கிடைக்கும். நெல்லை நட்டது, அறுத்தது, அடித்தது நாங்கள். வைக்கோல் அவன் போரில். ஒரு குடிசையின் சுவருக்கு மூன்று பேரிடம் கைகட்டி நின்று கேட்கவேண்டும். கேட்ட கடனை எப்படித் தீர்ப்பது? கூலி இல்லாத வேலை செய்துதான். ஆக, 'செலவே இல்லாத வீடு' என்று இப்போது பெருமை பேசுகிறார்களே, அந்த வீட்டுக்கு நாங்கள் செலவு செய்யாமல் இல்லை. காசாகக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முதுகால் கொடுத்தோம்.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தார்கள். தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பேர்த்துக்கொண்டு வந்து, அப்படியே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அக்ரகாரத்து வீடு, செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் எந்த வீட்டைப் பேர்த்துக்கொண்டு வரமுடியும் என்று யோசியுங்கள். தேக்குத் தூணுக்கு நம்பர் எழுதிக் கழற்றலாம், மாட்டலாம். ஓட்டை எண்ணி அடுக்கலாம். மண்சுவரும் கீற்றுமாக இருக்கிற சேரிக் குடிசையைக் கழற்றினால் கையில் என்ன மிஞ்சும்? ஒரு வண்டி மண்ணும் ஒரு கட்டு சருகும். பாதுகாக்கப்படுவதற்கும் ஒரு சொத்து வேண்டியிருக்கிறது. சொத்து இல்லாதவன் வீட்டுக்கு அருங்காட்சியகம் அவன் பெண்டாட்டியின் கைதான். அவள் வருஷா வருஷம் அந்த வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

பானையும் போர்வையும்

மண்பானைச் சமையல் உடம்புக்கு நல்லதாம். நகரத்துக் கடைகளில் என்ன விலை விற்கிறது பாருங்கள். இன்னொரு மார்கழியை இவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 குடிக்கணக்கை நடத்திய ஹட்டன் என்ற அதிகாரி அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அந்த எட்டில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு பித்தளைச் சொம்புக்காகக் குடிசை எரிந்த நாடு இது. எங்கள் ஜனங்கள் முதல் கூலியில் எவர்சில்வர் குடம் வாங்கி, அதைத் தேய்த்து, வாசலில் தெரிகிற மாதிரி வைத்ததை 'நுகர்வு மோகம்' என்று எழுதுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடத்தின் பளபளப்பில் ஒரு விடுதலை தெரிந்தது நண்பர்களே. உங்களுக்குத் தெரியவில்லையென்றால் கோளாறு குடத்தில் இல்லை.

போர்வைக் கதையும் அப்படித்தான். பழஞ்சேலையை நாலாக மடித்து, கிழிந்த இடத்தை உள்ளே வைத்து, ஓரம் பிடித்து, குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத்தையல் போட்டால் ஒரு போர்வை. பனிக்கு இதமாக இருக்கும். அது போதாதபோது கோணிச்சாக்கைப் பிரித்து மேலே போர்த்திக்கொள்வோம். இப்போது அதே தையலுக்குக் 'கைவினை' என்று பேர், கண்ணாடி அலமாரியில் இடம். வைக்கட்டும். ஆனால் எங்கள் பெண்கள் எந்தக் கலை ஆர்வத்தில் தைக்கத் தொடங்கினார்கள்? புதுத்துணி வருஷத்துக்கு ஒன்று. அதுவும் பண்ணை மனசு வைத்தால்.

போகியன்று ஊர்த்தெருவில் பழசைக் கொளுத்துவார்கள். பழைய பாய், பழைய முறம், பழைய துணி. சேரியில் எரிக்க என்ன பழசு இருக்கிறது? பழசுதானே எங்களுக்குப் போர்வை, பழசுதானே பிள்ளைக்குத் தொட்டில். 'பழையன கழிதல்' என்பது புதுசு வாங்க வழி இருக்கிறவனுடைய தத்துவம். எங்கள் தெருவில் போகி வேறு மாதிரி வரும். எந்த மாசத்திலும் வரும். அடுத்தவன் வந்து கொளுத்துவான்.

கூரை

தென்னை மட்டையை நெடுக்காகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமானதும் எடுத்து, ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி முடைந்துகொண்டே போகவேண்டும். நன்றாக ஊறின கீற்றுதான் அதிகநாள் உழைக்கும். முடைகிற பெண்களின் விரல் இடுக்கில் ஓலை அறுத்த தழும்பு இருக்கும். கூலி எண்ணிக்கைக் கணக்கு, நூற்றுக்கு இவ்வளவு என்று. அடுத்தவன் பந்தலுக்கு, அடுத்தவன் தோப்புக் கொட்டகைக்கு ஆயிரக்கணக்கில் முடைந்துவிட்டு, கழிந்த கீற்றையும் குட்டைக் கீற்றையும் எங்கள் கூரைக்கு எடுத்துவருவோம். சவுக்குக் கழி கட்டி, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக வேய்வார்கள். ஒரு வரிசை தவறினால் ஐப்பசியில் தலைமேல் ஒழுகும்.

'கூரை வீடு எவ்வளவு குளுமை தெரியுமா' என்கிறார்கள். தெரியும். உங்களுக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் நாங்கள் குளுமைக்காகக் கூரையில் இருந்தோம் என்று யார் சொன்னது? தீண்டத்தகாதவர்கள் செய்தால் குற்றம் என்று இந்துக் கிராமம் வைத்திருக்கிற பட்டியலை அண்ணல் அம்பேத்கர் தொகுத்துக் கொடுத்திருக்கிறார். ஓட்டு வீடு கட்டுவது அந்தப் பட்டியலில் ஒரு குற்றம். நிலம் வாங்குவது, மாடு வைத்துக்கொள்வது, சுத்தமான துணி உடுத்துவது இவையும் குற்றங்கள். கூரை எங்கள் ரசனை இல்லை. எங்கள்மேல் போட்ட சட்டம்.

சட்டத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கும் கூரையே சாட்சி. 1968 டிசம்பர் 25, மார்கழி இரவு. கீழ்வெண்மணியில் கூலி கூடக் கேட்டவர்களின் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் உயிர் பிழைக்க ஓடிப்போய் ராமையாவின் குடிசைக்குள் ஒண்டினார்கள். அடைத்துவைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். மார்கழிக் குடிசையின் அழகைப் பாடுகிறவர்கள் எவரும் இந்த மார்கழியைப் பாடுவதில்லை. ஓலையின் குளுமையைச் சொல்கிறவர்கள் அது பற்றுகிற வேகத்தையும் சொல்லவேண்டும்.

சரி, கூரையை விட்டு வெளியே வந்தால்? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்துக் கொஞ்சம் தலைதூக்கின ஊர் அது. டி.வி.யை உடைத்தார்கள், தையல் மெஷினை உடைத்தார்கள், படித்த பிள்ளைகளின் சர்டிபிகேட்டைக் கொளுத்தினார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. அங்கே எரிந்ததில் பீரோ உண்டு, பைக் உண்டு, பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலைபார்த்துச் சேர்த்த சாமான் உண்டு. ஓலைக் கூரை போய்த் தளம் வந்ததும் தீ வீட்டுக்குள்ளே வந்து பற்றவைத்தது. கொளுத்துகிறவனுக்குக் குறி கூரை இல்லை என்பது அப்போது தெரிந்தது. நாம் வீடு என்று ஒன்றைப் பேணுவதே அவன் கண்ணை உறுத்துகிறது.

மனை

இப்போது அடியில் இருக்கிற விஷயத்துக்கு வருவோம். குடிசைக்குக் கீழே இருக்கிற மண் யாருடையது?

ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டிலேயே ஊர் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு என்று இருக்கிறது. ஆயிரம் வருஷமாக மனை தனி. எங்கள் செங்கல்பட்டில் இந்தக் கதைக்கு ஒரு முக்கியமான காகிதம் உண்டு. 1891இல் இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரர் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரியின் குடிமனையையும் மிராசுதார் தன்னுடையது என்கிறான், அதனால் பண்ணையாள் எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே அவனைத் துரத்த முடிகிறது என்பதை அவர் கண்டு எழுதினார். அந்த அறிக்கையிலிருந்துதான் 1892ஆம் வருஷத்து உத்தரவும், பஞ்சமி நிலமும் வந்தன. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. நமக்கன்றி வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்ட நிலம். மறுவருஷம், 1893இல், இதே ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார்.

இதை வைத்து மறுபடி யோசியுங்கள். குடியிருக்கிற மனை தன்னுடையது இல்லை என்றால் எவன் செங்கல் வைத்துக் கட்டுவான்? நாளைக்கே எழுந்து போ என்று சொல்லக்கூடிய இடத்தில் மண்ணும் ஓலையும்தான் கட்டுப்படியாகும். எளிமை எங்கள் குணம் இல்லை. மிராசுதாரின் அதிகாரம்தான் எங்கள் வீட்டில் எளிமையாகத் தெரிந்தது.

நூறு வருஷம் கழித்தும் கதை மாறவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். கலெக்டர் ஒருத்தர் கையெழுத்தில் வந்த நிலத்தை, அதே ஜில்லாவில் கேட்டதற்குக் குண்டு.

1971இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தருகிற சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பட்டாக் காகிதத்தை வைத்துக்கொண்டு 'என் இடம் எது சாமி, அளந்து காட்டு' என்று அலைகிறவர்கள் தமிழ்நாடு பூராவும் இருக்கிறார்கள். அப்புறம் தொகுப்பு வீடு. வரிசையாக ஒரே அளவில், ஒற்றை அறை. சித்திரையில் அடுப்பு மாதிரி கொதிக்கும். கார்த்திகையில் தளம் ஒழுகும், காரை பெயர்ந்து தூங்குகிற பிள்ளைமேல் விழும். அதனால் முன்னால் ஒரு கீற்றுத் தாழ்வாரம் போட்டுக்கொண்டு அதில்தான் நம்மாட்கள் புழங்குகிறார்கள். அதைப் படம் பிடித்து 'பாருங்கள், ஏழைகளுக்கே மரபு வீடுதான் பிடிக்கிறது' என்கிறார்கள். மரபு பிடித்து அல்ல, கான்ட்ராக்டர் திருடினதால்.

2030க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்று 2024இல் அரசு அறிவித்தது. கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம். வரவேற்கிறேன். ஆனால் அந்த வீட்டுக்கும் முதலில் மனை வேண்டும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இருக்கிறவன் பட்டாவுக்கு எங்கே போவான்? குடிசையை ஒழிப்பது சுலபம். குடிசையில் இருக்கிறவனை ஒழித்தாலும் கணக்கில் குடிசை குறையும். இதில் நாம் கண்கொத்திப் பாம்பாக இருக்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில் மண்ணுக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை கட்டணச் சாலையானது. சவுக்குத் தோப்பு லேஅவுட் ஆனது, தென்னந்தோப்புக்குச் சுற்றுச்சுவர் வந்தது. 2018இல் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடத்தினார்கள். பீரங்கியும் டாங்கும் நிறுத்த இடம் கிடைத்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று சென்ட் கேட்டால் இடம் இல்லை. தோப்புக்குள் போகமுடியாததால் மட்டை இல்லை. மட்டை இல்லாததால் முடைகிற பெண்கள் இல்லை. இப்போது 'கைத்தொழில் அழிந்துவிட்டதே' என்று அழுகிறார்கள். அழித்தது உங்கள் சுற்றுச்சுவர்.

அந்தப் பெண்கள் இப்போது எங்கே? கீற்றுக்கூரை விடுதியில் ஹவுஸ்கீப்பிங். தமிழில் சொன்னால் வீடு பேணுதல். எந்த வீடு? எவன் வீடு?

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

தொண்ணூறுகளில் பறையைப் பற்றி நமக்குள் ஒரு சண்டை நடந்தது. சாவுக்கு அடிக்கவைத்த இழிவு, தூக்கிப்போடு என்றது ஒரு பக்கம். நம் கலை, நம் ஆயுதம், மேடையில் அடிப்போம் என்றது இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது. கீற்றுக்கும் மண்ணுக்கும் கைத்தையலுக்கும் அந்தச் சண்டையை நாம் இன்னும் போடவில்லை. ஏனென்றால் அது பெண்கள் வேலை. ஆண்கள் கூட்டத்தில் பறை விவாதமானது. சாணிக்கூடை விவாதமாகவில்லை. கூரையேறி வேய்ந்தவனுக்கு வேய்ந்தவன் என்ற பேராவது மிஞ்சியது. கீழே குந்திக்கொண்டு ஆயிரம் கீற்று முடைந்தவளுக்கு என்ன பேர்?

நான் சொல்வது இதுதான். கட்டாயமாக இருந்த வரைக்கும் அது அடிமை வேலை. அந்தக் கட்டாயத்தை மிச்சமில்லாமல் ஒழிக்கவேண்டும். எவன் வீட்டு வாசலையும் நம் பெண்கள் சோற்றுக்காக மெழுகக்கூடாது. ஆனால் அந்த வேலைக்குள் இருந்த அறிவு நம் சொத்து. அதை இனாமாகக் கொடுக்கக்கூடாது. மண்வீட்டு வகுப்பு நடத்துகிறீர்களா? மண்ணின் பதம் தெரிந்த சேரிப் பெண்ணை வாத்தியாராக உட்காரவையுங்கள். உங்கள் கட்டடப் பொறியாளருக்குக் கொடுக்கிற சம்பளத்தை அவளுக்கும் கொடுங்கள். கீற்று வேண்டுமா? நூற்றுக்கு என்ன விலை என்பதை அவள் சொல்லட்டும். அவள் தைத்த போர்வையை விற்கிறீர்களா? அவள் பேரைப் போட்டு விற்று, பணத்தில் பங்கு கொடுங்கள்.

கிராமத்துக்குத் திரும்புங்கள், கைத்தொழிலுக்குத் திரும்புங்கள் என்று காந்தி சொன்னார். கிராமம் என்பது அறியாமையின் குகை, குறுகின மனசின் சாக்கடை என்கிற பொருளில் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் பேசினார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே கிராமம்தான். ஒருத்தர் ஆசிரமத்துத் திண்ணையிலிருந்து பார்த்தார். இன்னொருத்தர் தண்ணி கிடைக்காத கிணற்றடியிலிருந்து பார்த்தார். இன்றைக்கு மண்சுவரை மெச்சுகிறவர்கள் எந்த இடத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கான்கிரீட்தான் முன்னேற்றம் என்று நான் வாதாடவில்லை. இந்தக் கடற்கரையின் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தளம் பிளப்பதை நாங்கள் தினம் பார்க்கிறோம். மண்ணோ, ஓடோ, செங்கல்லோ, தளமோ, எதில் கட்டுவது என்பதை நாங்கள் முடிவு செய்வோம். முடிவு செய்யக் காலுக்குக் கீழே சொந்த மண் வேண்டும். அளந்து கல் நட்ட மனை, அதுவும் பெண் பேரில் பட்டா, பறிபோன பஞ்சமி நிலம் திரும்ப, ஏரிமண்ணிலும் புறம்போக்குப் பனையிலும் எங்களுக்கும் உரிமை. இவ்வளவும் கிடைத்த பிறகும் ஒருத்தி மண்சுவர்தான் எழுப்புவேன் என்றால் எழுப்பட்டும். அன்றைக்கு அது அழகு. அன்றைக்கு வந்து படம் எடுங்கள்.

அதுவரைக்கும் எங்கள் வறுமையைக் கொண்டுபோய் உங்கள் வரவேற்பறையில் மாட்டாதீர்கள். அதன் ஆணிகூட எங்கள் கையில்தான் இறங்கியிருக்கிறது.